முதல் பாடத்தை மறக்காத மேதை

கிட்டார் வித்வான் தாரேகாவின் கதை

1906-ம் ஆண்டு ஜனவரி மாதம்.

ஸ்பெயின் நாட்டின் புகழ்பெற்ற கலைஞர் ஒருவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது பக்கம் செயலற்றுப் போயிற்று. வலது கையும் விழுந்துவிட்டது.

அவருக்கு அப்போது வயது 53. அவர் கிட்டார் வித்வான். கிட்டாரில் தந்தியை மீட்டுவது வலது கைதான். அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டது. அதுதான் அவருக்குப் புகழையும் தேடித் தந்தது. அந்தக் கையே போய்விட்டால்?

வேறு யாராக இருந்தாலும் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடியிருப்பார்கள். அவர் மூடவில்லை.

யார் அவர்? அவர்தான் பிரான்சிஸ்கோ தாரேகா. கிட்டாரை மேடையில் ஏற்றி, மரியாதை தேடிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர்.

வாய்க்காலில் விழுந்த குழந்தை

1852-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி தாரேகா பிறந்தார். ஊர் வில்லாரியல். ஸ்பெயினின் கிழக்குக் கரை ஓரத்தில், காஸ்டெல்லோன் மாகாணத்தில் இருக்கிறது.

தகப்பனார் ஒரு கன்னிமாடத்தில் காவல்காரர். வருமானம் குறைவு. ஆனால் அவரிடம் ஒரு கிட்டார் இருந்தது. ஓய்ந்த நேரத்தில் அதை எடுத்து வாசிப்பார். அவர் வேலைக்குப் போனதும், சிறுவன் பிரான்சிஸ்கோ அந்தக் கிட்டாரை எடுத்து வைத்துக்கொள்வான். அப்பா வாசித்ததை நினைவில் கொண்டு, தந்திகளைத் தட்டிப் பார்ப்பான்.

குழந்தையாக இருந்தபோது அவனுக்கு ஒரு விபத்து நேர்ந்தது. வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் அவன் தவறி விழுந்துவிட்டான். உயிர் பிழைத்தது. ஆனால் கண்கள் பழுதாகிவிட்டன. அந்தக் கண் நோய் வாழ்நாள் முழுவதும் அவனை விடவில்லை.

தகப்பனார் மனம் கலங்கினார். பிள்ளைக்குப் பார்வை அடியோடு போய்விட்டால் என்ன செய்வான்? எப்படிப் பிழைப்பான்?

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கண் இல்லாவிட்டாலும் பிழைக்கக் கூடிய தொழில் சங்கீதம். அதைப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். இதற்காகவே குடும்பத்தோடு காஸ்டெல்லோன் நகரில் குடியேறினார்.

அங்கே சிறுவனுக்கு முதலில் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்குமே கண் பார்வை கிடையாது!

பார்வை இல்லாதவர்கள் கையைப் பார்த்து வாசிப்பதில்லை. விரலுக்கே வழி தெரியும்படி பழக்கி வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் தாரேகா தம்முடைய விரல்களை அப்படித்தான் பழக்கினார்.

ஓடிப் போன சிறுவன்

1862-ம் ஆண்டு ஹூலியன் அர்காஸ் என்ற பெரிய கிட்டார் வித்வான் காஸ்டெல்லோனுக்கு வந்தார். சிறுவனின் வாசிப்பைக் கேட்டார். இவனைப் பார்சலோனாவுக்கு அனுப்புங்கள், நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று தகப்பனாரிடம் தெரிவித்தார்.

தகப்பனார் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பையன் பியானோவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் வீட்டில் பியானோ இருக்கும். கிட்டாரோ மதுக்கடையிலும் தெருக்கோடியிலும் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இருந்தது. கிட்டாரை நம்பிப் பிழைக்க முடியாது என்றே பலரும் எண்ணினார்கள்.

பார்சலோனாவுக்குப் போன கொஞ்ச நாளிலேயே குரு அர்காஸ் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்குப் புறப்பட்டுவிட்டார். பத்து வயதுப் பையன் சும்மா இருப்பானா? தங்கியிருந்த இடத்தை விட்டு ஓடினான். பார்சலோனாவின் காப்பிக் கடைகளிலும் ஓட்டல்களிலும் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தான்.

தகப்பனார் வந்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

1865-ல் அவன் மறுபடியும் ஓடினான். இந்தத் தடவை வாலென்சியா நகரம். அங்கே நாடோடிக் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து வாசித்தான். தகப்பனார் மீண்டும் தேடிப் போனார். மீண்டும் அழைத்து வந்தார்.

அவன் மூன்றாம் தடவையும் ஓடினான்!

கடைசியில் குடும்பத்தின் கஷ்டம் அவனுக்குப் புரிந்தது. தானே வீடு திரும்பினான். கிட்டாரும் பியானோவும் வாசித்துச் சம்பாதித்த பணத்தைக் கொண்டு வீட்டுக்கு உதவினான்.

தச்சர் செய்த கிட்டார்

1869-ம் ஆண்டு அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அந்தோனியோ கனேசா என்ற வசதி படைத்த வியாபாரி அவருக்கு ஆதரவு கொடுக்க முன்வந்தார். செவில் நகரத்தில் அந்தோனியோ டி டோரஸ் செய்த ஒரு கிட்டார் தாரேகாவின் கைக்கு வந்தது.

டோரஸ் ஆதியில் தச்சு வேலை செய்தவர். அவர் கிட்டாரின் உடலைப் பெரிதாக்கினார். உள்ளே, மேல் பலகையைத் தாங்கும் மரக் குச்சிகளை விசிறி போல விரித்து ஒட்டினார். இதனால் சத்தம் கூடியது. நாதமும் இனிமையாயிற்று. இன்று உலகம் முழுவதும் கச்சேரிகளில் வாசிக்கும் கிட்டாருக்கு டோரஸ் போட்ட வடிவமே அடிப்படை.

1874-ல் தாரேகா தலைநகர் மாட்ரிடில் உள்ள சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தார். எமிலியோ அரியேத்தா என்ற பேராசிரியரிடம் பாட்டு அமைக்கும் கலையைப் படித்தார். பியானோவா, கிட்டாரா என்று தாரேகா தயங்கி நின்ற காலம் அது. அவர் கிட்டார் வாசிப்பதைக் கேட்ட அரியேத்தா, பியானோவை விட்டுவிட்டுக் கிட்டாரையே பற்றிக்கொள்ளும்படி புத்தி சொன்னார்.

அன்றைக்கு வழி பிறந்தது. காவல்காரரின் மகன் கிட்டாரையே தன் வாழ்வாக எடுத்துக்கொண்டார்.

லண்டனில் ஒரு கண்ணீர்த்துளி

1881-ல் தாரேகா பிரான்சு நாட்டுக்குச் சென்றார். பாரிசில் வாசித்தார். ரசிகர்கள் கைதட்டினார்கள். அங்கிருந்து லண்டனுக்கும் போனார். லண்டனின் குளிரும் பனிமூட்டமும் அவருக்குப் பிடிக்கவில்லை. பாஷையும் தெரியாது. வீட்டு நினைவு வாட்டியது.

அந்த ஏக்கத்தில் பிறந்த சிறு பாட்டுத்தான் லாக்ரிமா என்று ஒரு கதை உண்டு. லாக்ரிமா என்றால் கண்ணீர்த்துளி. கிட்டார் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதை ஆசையோடு வாசிக்கிறார்கள்.

கிட்டார் படித்துக்கொண்டிருந்த மரியா ரிசோ என்ற பெண்ணை அவர் மணந்தார். 1885-ல் பார்சலோனாவில் குடியேறினார். கச்சேரிகளிலும் மாணவர்கள் கொடுத்த சம்பளத்திலும் குடும்பம் நடந்தது.

பெரிய மண்டபங்களை விட, நண்பர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதையே அவர் அதிகம் விரும்பினார்.

விடிந்தால் சாதகம்!

இவ்வளவு புகழ் பெற்ற வித்வான் வீட்டில் என்ன வாசிப்பார்?

முதல் நாள் மாணவன் வாசிப்பதைத்தான் அவரும் வாசிப்பார்!

அவருடைய காலை நேரம் மணிக் கணக்காகப் பங்கிடப்பட்டிருந்தது. முதலில் ஸ்கேல். பிறகு ஆர்ப்பெஜியோ. அதற்குப் பிறகு சுரங்களை இழைத்துச் சேர்க்கும் பயிற்சி. கடைசியாக, கைக்கு எட்டாத கஷ்டமான இடங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே பாட்டு.

ஸ்கேல் என்பது சுரவரிசை. சுரங்களை ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொன்றாக இறங்கி வாசிப்பது. வீணை படிக்கும் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை எப்படியோ, கிட்டாருக்கு ஸ்கேல் அப்படி.

ஆர்ப்பெஜியோ என்பது வேறு. ஒன்றோடொன்று இணங்கும் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் மீட்டினால் ஒரு கூட்டு ஒலி கிடைக்கும். அந்தச் சுரங்களை ஒரே சமயத்தில் மீட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சிதற விட்டால் அதுவே ஆர்ப்பெஜியோ. ஹார்ப் என்பது நம் யாழைப் போன்ற ஒரு வாத்தியம். அதை மீட்டுவது போல என்ற பொருளில் இத்தாலியர் வைத்த பெயர் இது.

இந்தப் பயிற்சி எதற்கு?

பியானோவில் ஒரு கட்டையை ஒரு விரல் அமுக்கினால் போதும். ஒரு சுரம் பேசும். கிட்டார் அப்படி அல்ல. பெரும்பாலான சுரங்களுக்கு இரண்டு கைகளும் வேண்டும். இடது கை விரல் மெட்டுக்கு அருகில் தந்தியை அமுக்க வேண்டும். அதே கணத்தில் வலது கை விரல் அந்தத் தந்தியை மீட்ட வேண்டும். ஒரு கண் இமைக்கும் நேரம் முன்பின் ஆனாலும் போயிற்று! சுரம் மங்கிவிடும். அல்லது தந்தி அதிரும்.

இரண்டு கைகளையும் ஒன்றாக ஓட வைப்பதற்குத்தான் ஸ்கேல். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். நடப்பவன் வலது காலையும் இடது காலையும் மாற்றி வைப்பதைப் போல. ஒரே விரல் இரண்டு முறை வந்தால் நடை இடறும்.

ஆர்ப்பெஜியோவில் வேலைப் பங்கீடு வேறு. கிட்டாரில் ஆறு தந்திகள். கனமான மூன்று தந்திகளைப் பெருவிரல் பார்த்துக்கொள்ளும். மெல்லிய மூன்றுக்கும் ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். சுண்டு விரலுக்கு வேலை இல்லை.

விரல்களுக்குப் பலம் ஒன்று போல் இருப்பதில்லை. பெருவிரல் பலசாலி. மோதிர விரல் சோம்பேறி. தன் இஷ்டப்படி விட்டால் பெருவிரலின் சுரம் இடிபோல ஒலிக்கும். மோதிர விரலின் சுரம் காதில் விழாது. எல்லாச் சுரமும் ஒரே அளவாக, ஒரே இனிமையாக விழும் வரை பழக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகுதான் வேகம். மெதுவாக வாசிக்கும்போது வராத சுத்தம் வேகத்தில் வராது.

தாரேகா இதில் முறைகளை வகுத்தார். தந்தியை மீட்டிய விரல் அந்தரத்தில் நிற்காமல் அடுத்த தந்தியின் மேல் போய்ச் சாய்ந்து நிற்கும்படி பழக்கினார். இதனால் நாதம் கனத்தது. இடது காலை ஒரு சிறிய முக்காலி மேல் வைத்து, இடது தொடையில் கிட்டாரை அமர்த்தி வாசித்தார். அவரைப் பார்த்து மாணவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள். இன்றும் பல நாட்டுப் பள்ளிகளில் கிட்டார் மாணவர்கள் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

ஊற்று நீர் போல ஒரு பாட்டு

ஸ்பெயினின் தெற்கே கிரானடா நகரம் இருக்கிறது. அங்கே அல்ஹம்பிரா என்ற பழைய அரண்மனை உண்டு. முஸ்லிம் மன்னர்கள் கட்டியது. முற்றங்களில் நீரூற்றுகள் ஓயாமல் சலசலக்கும்.

அந்த அரண்மனையின் நினைவாக 1890-களின் கடைசியில் தாரேகா ஒரு பாட்டு அமைத்தார். அல்ஹம்பிராவின் நினைவுகள் என்பது அதன் பொருள்.

அந்தப் பாட்டில் பெருவிரல் கனமான சுரங்களை ஆர்ப்பெஜியோவாக நடத்திச் செல்லும். ஒவ்வொரு பெருவிரல் அடிக்கும் பின்னால் மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தந்தியைத் தொட்டுவிட்டு ஓடும். கேட்பவர் காதில் அது தனித்தனிச் சுரமாக விழாது. நீர் வழிவது போல ஒரே இழையாகக் கேட்கும். இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. காலைதோறும் செய்த அந்தப் பயிற்சிதான்! சோம்பேறி மோதிர விரலையும் மற்ற விரல்களுக்குச் சமமாக்கியதன் பலன்தான்!

பாக், பேத்தோவன், சொப்பின் போன்ற மேதைகள் மற்ற வாத்தியங்களுக்கு எழுதிய உருப்படிகளையும் அவர் கிட்டாருக்கு மாற்றினார். அப்படி மாற்றியவை நூற்றுக்கு மேல். பாட்டுக்குப் பக்கத்தில் நின்ற கிட்டார், தனியாகவே கச்சேரி செய்யத் தொடங்கியது.

ஐம்பது வயதில் அரிச்சுவடி

1902-ம் ஆண்டு வாக்கில் தாரேகா ஒரு காரியம் செய்தார். மாணவர்கள் திகைத்தார்கள்.

விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டார்!

அதுவரை நகத்தால் தந்தியை மீட்டியவர் அவர். நகம் பட்டால் சத்தம் உரக்கக் கேட்கும், பளிச்சென்று இருக்கும். ஆனால் தாரேகாவின் காது வேறு ஒன்றைக் கேட்டது. அந்தக் காலத்தில் நைலான் தந்தி கிடையாது. மெல்லிய தந்திகளை ஆட்டுக் குடலைப் பதப்படுத்தி முறுக்கிச் செய்தார்கள். அந்தத் தந்தியை விரல் நுனிச் சதையால் தொட்டால் நாதம் மென்மையாக, உருண்டையாக இருக்கும். அதுவே தமக்கு வேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

நகத்தை வெட்டிவிடலாம். பழக்கத்தை வெட்ட முடியுமா? நகத்துக்கும் சதைக்கும் உள்ள இடைவெளி நூல் அளவுதான். ஆனால் விரல் தந்தியைத் தொடும் கோணம் மாறுகிறது. அழுத்தம் மாறுகிறது. பல ஆண்டுகள் பழகிய விரல்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும்.

ஏறக்குறைய ஐம்பது வயது. ஐரோப்பா அறிந்த பெயர். அப்படிப்பட்டவர் மறுபடியும் முதல் சுரத்திலிருந்து புறப்பட்டார். அடுத்த வருஷமே இத்தாலி நாட்டுக்குச் சென்று ரோம், நேபிள்ஸ், மிலான் நகரங்களில் கச்சேரி செய்தார்.

இந்த விஷயத்தில் மாணவர்கள் இரண்டு பட்டார்கள். பெரிய வித்வானாக விளங்கிய மிகுவேல் லியோபெத் நகத்தோடுதான் வாசித்தார். எமிலியோ புஜோல் குருவைப் போலவே நகம் இல்லாமல் வாசித்தார். எது சரி என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. இன்று பெரும்பாலான வித்வான்கள் நகம் வைத்தே வாசிக்கிறார்கள்.

விழுந்த கை

இப்படிக் கையை மறுபடியும் பழக்கி முடித்த மூன்று ஆண்டுகளில்தான் அந்தப் பக்கவாதம் வந்தது.

நகத்தை வெட்டியது அவராகச் செய்த சோதனை. இது அவரைக் கேட்டு வந்தது அல்ல. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. சோம்பேறி மோதிர விரலை மட்டும் அல்ல, ஐந்து விரல்களையும் கெஞ்ச வேண்டியிருந்தது.

தாரேகா கிட்டாரை விடவில்லை. ஒரு காலத்தில் மின்னல் போல ஓடிய விரல்கள் இப்போது தள்ளாடின. அவர் மீண்டும் வாசிக்கப் பழகினார். பல நாள் பாடுபட்ட பிறகு கை ஓரளவு திரும்பியது. மேடை ஏறிக் கச்சேரியும் செய்தார்!

கை பழையபடி ஆகிவிட்டதா? இல்லை. முழுக் குணம் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்தக் குறையோடுதான் அவர் வாசித்தார். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பாட்டும் எழுதினார்.

1909-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி ஒரெமுஸ் என்ற சிறிய உருப்படியை எழுதி முடித்தார். அதுதான் கடைசி. பதின்மூன்று நாள் கழித்து, டிசம்பர் 15-ந் தேதி, பார்சலோனாவில் அவருடைய உயிர் பிரிந்தது. வயது 57.

1915-ல் அவருடைய உடலைக் காஸ்டெல்லோனுக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள். மகனுக்காகத் தகப்பனார் குடியேறிய அதே ஊர்!

செல்போனில் ஒலித்த பாட்டு

தாரேகா பாடப் புத்தகம் எழுதவில்லை. சொத்தும் பெரிதாகச் சேர்க்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த முறைகள் மாணவர்களின் விரல்களில் இருந்தன. புஜோல் அவற்றை முறைப்படுத்தி, 1934 முதல் பல பாகங்கள் கொண்ட பாடநூலாக வெளியிட்டார். 1960-ல் குருவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

தாரேகாவின் பெயரையே அறியாதவர்களும் அவருடைய இசையைக் கேட்டிருக்கிறார்கள். எப்படி?

1902-ல் அவர் எழுதிய கிரான் வால்ஸ் என்ற பாட்டில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. 1990-களில் நோக்கியா கம்பெனி அந்தத் துண்டை எடுத்துத் தன் செல்போன்களில் மணி ஓசையாக வைத்தது. பஸ்ஸிலும் கடைவீதியிலும் கல்யாண வீட்டிலும் அது ஒலித்தது. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தவர்கள் கோடிக் கணக்கானவர்கள். அது ஒரு காவல்காரர் மகனின் பாட்டு என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கிட்டார் வாங்கிய பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பாட்டு வாசிக்க ஆசைப்படுகிறார்கள். ஸ்கேல் அலுப்புத் தட்டுகிறது. விரல் நுனி வலிக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு இதையே வாசிப்பது என்று கேட்கிறார்கள்.

தாரேகா அந்தப் பாடத்தை எட்டு வயதில் முடித்துவிடவில்லை. பதினெட்டிலும் முடித்துவிடவில்லை. ஐம்பது வயதில் தானாகவே அதற்குத் திரும்பினார். 53 வயதில் விதி அவரைத் திருப்பி அனுப்பியது. இரண்டு தடவையும் அவர் வெட்கப்படாமல் உட்கார்ந்தார். முக்காலியில் காலை வைத்து, முதல் சுரத்தை மீட்டினார்.